சின்னக் கல்லூரியின் பெரிய வாத்தியார்

ஒருவரை நமக்கு அறிமுகம் செய்யும்போது "இவர் காலேஜில் வேலை பார்த்தவர்" என்று சொன்னால், அடுத்த கேள்வி "எந்தக் காலேஜ்?" என்பதுதான். பெரிய காலேஜின் பெயரைச் சொன்னால் உடனே நாற்காலி வரும், காப்பி வரும். கேள்விப்படாத ஊரின் பெயரைச் சொன்னால் "அப்படியா" என்பதோடு பேச்சு முடியும். என்ன சொல்லிக் கொடுத்தார், எத்தனை பிள்ளைகளை ஆளாக்கினார் என்பது மூன்றாவது கேள்வியாகக்கூட வருவதில்லை. அதிலும் அவர் விளையாட்டு வாத்தியாராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. விளையாட்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் அமெரிக்காவிலும் உண்டு. அதற்கு ஒரு சாட்சி, ஜான் மெக்லெண்டன் என்ற கூடைப்பந்துப் பயிற்சியாளர். தம் காலத்தின் பெரும்பகுதியைப் பெரிய பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத சின்னக் கல்லூரிகளில் கழித்தவர். அமெரிக்கக் கூடைப்பந்தின் புகழ் மண்டபம் 1979-ல் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் எந்த வரிசையில்? பயிற்சியாளர் வரிசையில் இல்லை. 'பங்களிப்பாளர்' என்ற வரிசையில். பயிற்சியாளர் என்று அவரை ஏற்றுக்கொள்ள இன்னும் 37 ஆண்டுகள் பிடித்தன. 2016-ல் அந்தப் பெருமை வந்தபோது அவர் இறந்து 17 ஆண்டுகள் ஆகிவிட்டன.

"அதுதான் கொடுத்துவிட்டார்களே, இன்னும் என்ன?" என்று சிலர் கேட்கலாம். கொடுத்தது போதாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்ல அவர் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மெக்லெண்டன் 1915-ல் கான்சஸ் மாநிலத்தில் ஹயவாதா என்ற ஊரில் பிறந்த கறுப்பினத்தவர். கூடைப்பந்து கோச் ஆக வேண்டும் என்பது சிறுவயது ஆசை. 1933-ல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்கச் சேர்ந்தார். அந்தத் துறையில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் அவர்தான். அங்கே பேராசிரியராக இருந்தவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் நேய்ஸ்மித். 1891 டிசம்பரில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் பையன்களை உள்ளே வைத்து விளையாட வைக்க வேண்டுமே என்று பீச் பழக்கூடை இரண்டை உயரத்தில் அடித்து, 13 விதிகள் எழுதி, கூடைப்பந்து என்ற ஆட்டத்தையே உண்டாக்கிய அதே மனிதர். அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். "நேராக அவரிடம் போய், நீங்கள்தான் எனக்கு வழிகாட்டி என்று சொல்" என்பதுபோல மகனிடம் சொல்லி அனுப்பியவர் மெக்லெண்டனின் அப்பா. பிள்ளை அப்படியே போய் நின்றான். நேய்ஸ்மித்தும் ஏற்றுக்கொண்டார்.

இதில் நமக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. சென்னையில் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர், அதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் படித்தவர். நம்மைப் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதி ஓடவிட்ட டிரில் மாஸ்டர்களில் எத்தனையோ பேர் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் பயின்றவர்கள், அல்லது அங்கே பயின்றவரிடம் கற்றவர்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் அவர்களும் மெக்லெண்டனும் ஒரே குருபரம்பரை.

நேய்ஸ்மித்தைப் பற்றி இன்னொரு சேதி. கான்சஸ் பல்கலைக்கழக அணிக்கு அவரே முதல் பயிற்சியாளர். அவர் காலத்தில் அந்த அணி ஜெயித்தது 55, தோற்றது 60. அந்தப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக உள்ள ஒரே பயிற்சியாளர், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான்! ஜெயித்த கணக்கை மட்டும் வைத்து வாத்தியாரை எடை போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

ஆட்டத்தின் தந்தையிடமே பாடம் கேட்ட மெக்லெண்டன், அந்தப் பல்கலைக்கழகத்தின் அணியில் ஒரு நாளும் ஆட முடியவில்லை. கறுப்பினத்தவருக்கு அணியில் இடம் கிடையாது. உடற்கல்விப் பட்டத்துக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. இவர் நீச்சல் குளத்தில் இறங்கி நீந்திக் காட்டினார். உடனே குளத்துத் தண்ணீரை வடித்துவிட்டார்கள்.

ஏன் வடித்தார்கள் என்று நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்தக் கிணற்றில் யார் இறங்கலாம், எந்தக் குளத்துப் படித்துறையில் யார் கால் வைக்கலாம் என்று கணக்குப் பார்த்த ஊர்களில் வளர்ந்தவர்கள்தானே நாம். மெக்லெண்டன் கூச்சல் போடவில்லை, விடவும் இல்லை. நேய்ஸ்மித்தின் துணையோடு விடாப்பிடியாக நின்று, அந்தக் குளத்தை எல்லா மாணவர்களுக்கும் திறக்க வைத்தார். வயது இருபதைச் சுற்றி இருக்கும்.

பட்டமும் மேல்பட்டமும் வாங்கிய பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடம், வட கரோலினா மாநிலத்தில் டர்ஹாம் நகரில் இருந்த 'நார்த் கரோலினா காலேஜ் ஃபார் நீக்ரோஸ்'. 1940-ல் அங்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். சின்னக் கல்லூரி கோச் என்றால் ஒரு வேலைக்காரர் இல்லை, பத்து வேலைக்காரர். உடற்கல்வி வகுப்பு எடுக்க வேண்டும், மைதானத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வெளியூர்ப் பயணத்தில் கறுப்பினப் பையன்களுக்குச் சாப்பாடு போடும் இடம், படுக்க விடும் இடம் எது என்று முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும். இது மெக்லெண்டனுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அதே மாநிலத்தில் வின்ஸ்டன்-சேலம் என்ற ஊரில் 47 பருவங்கள் பயிற்சி கொடுத்து 828 ஆட்டங்கள் ஜெயித்த கிளாரன்ஸ் கெய்ன்ஸுக்கும் இதே கதைதான்.

அந்தக் காலத்துக் கூடைப்பந்து நிதானமான ஆட்டம். பந்தை வைத்துக்கொண்டு நின்று, பார்த்து, மெதுவாக நகர்த்துவார்கள். மெக்லெண்டன் அதை மாற்றினார். பந்து கைக்கு வந்த அடுத்த நொடியே எதிர்க் கூடையை நோக்கி அணி முழுவதும் பறக்க வேண்டும். 'ஃபாஸ்ட் பிரேக்' என்று இன்று பள்ளிக்கூடப் பையன்கள்கூடச் சொல்கிறார்களே, அதை ஒரு முழு ஆட்ட முறையாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் அவர். எதிரணி பந்தை நகர்த்த விடாமல் கோர்ட் முழுவதும் நெருக்குவதும் அவருடைய பாடம். இதற்கு மூச்சு வேண்டும். ஆகவே பருவம் தொடங்கும் முன்பே பையன்களை மைல் கணக்கில் ஓட வைத்தார். ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் எதிரணிக்கு நாக்குத் தள்ளும்போது இவர் பையன்கள் அப்போதுதான் வந்தவர்கள்போல ஓடிக்கொண்டிருப்பார்கள்.

இனி, 1944 மார்ச் 12-க்கு வருகிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. டர்ஹாமிலேயே ட்யூக் பல்கலைக்கழகம் இருக்கிறது. அன்று அது பணக்கார, வெள்ளையருக்கு மட்டுமான பல்கலைக்கழகம். அதன் மருத்துவக் கல்லூரியில் நல்ல ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு அணி வைத்திருந்தார்கள். அவர்களுக்கும் மெக்லெண்டனின் அணிக்கும் யார் பெரியவர் என்று ஒரு பேச்சு எழுந்தது. இரு இனத்தவரும் சேர்ந்து ஆடுவது அந்த ஊரில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஊர் முழுக்கத் தேவாலயத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மருத்துவ மாணவர்கள் சுற்று வழியில் காரில் வந்து இறங்கினார்கள். கதவுகள் பூட்டப்பட்டன. பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. நடுவர் உண்டு, கடிகாரம் உண்டு. ஆட்டம் முறையாகவே நடந்தது. முடிவில் மெக்லெண்டனின் பிள்ளைகள் 88, மருத்துவ மாணவர்கள் 44. சரிபாதி!

எனக்குப் பெரிதாகப் படுவது அந்த 88 இல்லை. ஆட்டம் முடிந்ததும் அவர்கள் பிரிந்து போகவில்லை. இரண்டு அணியையும் கலந்து போட்டு, இந்தப் பக்கம் இரண்டு பேர் அந்தப் பக்கம் இரண்டு பேர் என்று மாற்றிக்கொண்டு, இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். பிறகு விடுதி அறைக்குப் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஊமைபோல வாயை மூடிக்கொண்டார்கள். விஷயம் தெரிந்த உள்ளூர் கறுப்பினப் பத்திரிகைக்காரர்கூட எழுதவில்லை. 1996-ல் ஸ்காட் எல்ஸ்வொர்த் என்ற வரலாற்றாசிரியர் நியூயார்க் டைம்ஸ் வழியாக வெளிக்கொண்டுவரும் வரை, 52 ஆண்டுகள் அந்த ஆட்டம் உலகத்துக்குத் தெரியாது.

எதற்கு இத்தனை ரகசியம் என்று கேட்டால், இன்னொரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். அதே 1944-ல், அதே டர்ஹாமில், ஜூலை மாதம், பேருந்தில் பின்னால் போய் உட்காரச் சொன்னதில் வந்த தகராறில் ராணுவ உடையில் இருந்த ஒரு கறுப்பின வீரரை ஓட்டுநர் சுட்டுக் கொன்றார். ஜூரிகள் அந்த ஓட்டுநரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், தம் வேலையையும், பையன்களின் உயிரையும், கல்லூரியின் பெயரையும் பணயம் வைத்து அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் இருபத்தெட்டு வயது விளையாட்டு வாத்தியார்.

பிறகு 1954-ல் நாஷ்வில் நகரத்து டென்னஸி ஏ அண்ட் ஐ என்ற கறுப்பினக் கல்லூரிக்குப் போனார். சின்னக் கல்லூரிகளுக்கென்று என்.ஏ.ஐ.ஏ. என்ற அமைப்பு தேசியப் போட்டி நடத்தி வந்தது. அதில் கறுப்பினக் கல்லூரிகளையும் சேர்க்க வேண்டும் என்று விடாமல் போராடியவர்களில் இவர் ஒருவர். கான்சஸ் சிட்டிக்கு ஆடக் கூப்பிட்டபோது, மற்ற அணிகள் தங்கும் ஓட்டலில்தான் என் பையன்களும் தங்குவார்கள் என்று நிபந்தனை போட்டார். அது நடந்தது. 1957, 1958, 1959 என்று வரிசையாக மூன்று ஆண்டுகள் தேசியக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தார். வரிசையாக மூன்று தேசியப் பட்டம் என்பதை அதற்கு முன் எந்தக் கல்லூரிப் பயிற்சியாளரும் செய்ததில்லை. தொடர்ந்து ஏழு பட்டம் வாங்கிய ஜான் வுடனை எல்லோருக்கும் தெரியும். அது 1967-ல்தான் தொடங்குகிறது. அவருக்குப் பத்து ஆண்டு முன்னால் நடந்ததை எத்தனை பேர் அறிவார்கள்?

அதன் பிறகு வாழ்க்கை ஒரே ஏறுமுகம் என்று நினைக்க வேண்டாம். கிளீவ்லாந்தில் ஒரு தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளராக இருந்து, வீரர்களின் சம்பள விஷயத்தில் முதலாளியோடு ஒத்துப்போக முடியாமல் 1962-ல் வெளியே வந்தார். 1966-ல் கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள ஒரு பல்கலைக்கழக அணிக்குக் கறுப்பினத்தவர் தலைமைப் பயிற்சியாளர் ஆனது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு வயது 51. அங்கே மூன்று ஆண்டுகளில் 27 வெற்றி, 42 தோல்வி. 1969-ல் டென்வரில் ஒரு தொழில்முறை அணி. 28 ஆட்டத்திலேயே அனுப்பிவிட்டார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும். தோற்காத மனிதர் என்று கதை கட்டினால் அது மனிதரின் கதையாக இருக்காது.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன்.

இப்படிப்பட்டவரை 'பங்களிப்பாளர்' என்று வைப்பது மரியாதைதானே என்பார்கள். என் கண்ணுக்கு அது மரியாதை மாதிரித் தெரியவில்லை. கச்சேரியில் பாடிய வித்வானுக்கு, 'சபாவுக்கு உழைத்தவர்' என்று பொன்னாடை போர்த்துவது போன்றது அது. உழைத்தது உண்மைதான், ஆனால் பாடினாரே, அதை யார் சொல்வது? கறுப்பினப் பையன்கள் வேகமாக ஓடி ஜெயித்தால், அது அவர்கள் உடம்பில் பிறவியிலேயே இருப்பது என்று சொல்லிவிடுவது எளிது. அந்த வேகத்துக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து யோசித்தார், தாளில் வரைந்தார், மாதக்கணக்கில் பழக்கினார் என்று ஒப்புக்கொள்வதுதான் கடினம். பிள்ளையின் திறமையைப் புகழ்ந்து வாத்தியாரின் மூளையை மறைப்பது பழைய தந்திரம்.

இரண்டாவது, "கஷ்டம்தான் அவரை உருவாக்கியது" என்ற பேச்சு. நம் பக்கத்திலும் மேடைக்கு மேடை கேட்கிற வசனம். தெரு விளக்கில் படித்தவர், பட்டினி கிடந்து உயர்ந்தவர் என்று கை தட்டுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மெக்லெண்டனை உருவாக்கியது தடுத்த கதவுகள் அல்ல. மகனைத் துணிந்து அனுப்பிய ஒரு தகப்பனார், நிறம் பார்க்காமல் ஏற்றுக்கொண்ட ஒரு கிழவர், ஆளாக விட்ட ஒரு சின்னக் கல்லூரி, இவையே உருவாக்கின. தடுத்த கதவுகள் எடுத்துக்கொண்டனவே தவிர எதையும் கொடுக்கவில்லை. முப்பது வயதில் அவரிடம் ஒரு பெரிய பல்கலைக்கழக அணியைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கும் வாய்ப்பை ஆட்டமே இழந்துவிட்டது. வடித்த குளத்துக்கு நன்றி சொல்வது நியாயமா?

மூன்றாவது, "திறமை இருந்தால் எப்படியும் வெளியே தெரிந்துவிடும்" என்பது. தெரியாது. குடத்துக்குள் இட்ட விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் குடத்துக்குள்தான் எரியும். யாராவது குடத்தை எடுக்க வேண்டும். மெக்லெண்டன் விஷயத்தில் எடுத்தவர்கள் அவருடைய மாணவர்கள். மூன்று பட்டம் வென்ற அந்த அணியின் ஆட்டக்காரர் டிக் பார்னெட், பின்னாளில் நியூயார்க் அணியில் புகழ்பெற்று, முனைவர் பட்டமும் வாங்கியவர். தம் பழைய அணியைப் புகழ் மண்டபத்தில் ஏற்ற வேண்டும் என்று முதுமையில் ஆண்டுக்கணக்காக நடையாய் நடந்தார், கடிதமாய் எழுதினார். 2019-ல் அந்த அணி ஏற்றப்பட்டது. கடைசிக் கோப்பை வாங்கி அறுபது ஆண்டுகள் கழித்து. மாணவன் மறந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், நம் ஊர்க் கல்லூரிகளிலும் பிசிகல் டைரக்டர்கள் இருந்தார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கிழிந்த பந்தைத் தைத்துத் தைத்து ஒரு வருஷம் ஓட்டினார்கள். கல்லூரி ஆண்டு விழாவில் கூட்டத்தை ஒழுங்கு பண்ண மட்டும் அவர்கள் ஞாபகம் வரும். பரீட்சை நெருங்கினால் விளையாட்டு வகுப்பைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். அப்படி இருந்தும், விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலும் போலீசிலும் வங்கியிலும் வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் கரையேற்றிய பையன்கள் பலருடைய வாழ்க்கையில் அப்படி ஒருவர் இருந்தார். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கல்லூரிக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, திறந்து வைத்த மந்திரி பெயர் இருக்கிறது.

நாம் பார்னெட் மாதிரி புகழ் மண்டபத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நம்மால் முடிந்த மூன்று காரியம் சொல்கிறேன்.

அணியோடு நின்று எடுத்த பழைய படம் பலர் வீட்டுப் பரணில் இருக்கும். இறக்கி, பின்பக்கம் ஒவ்வொருவர் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். ஓரத்தில் விசில் கட்டிக்கொண்டு நிற்கும் மனிதரின் பெயரை முதலில் எழுதுங்கள். நம் தலைமுறை போய்விட்டால் அந்த முகங்களுக்குப் பெயர் சொல்ல ஆள் இருக்காது.

பழைய மாணவர் சங்கத்தார் பொன்விழா மலர் என்று போட்டால், தாளாளர் வாழ்த்துக்கும் விளம்பரத்துக்கும் நடுவே விளையாட்டு வாத்தியாருக்கு இரண்டு பக்கம் கேளுங்கள். "பங்களித்தவர்கள்" என்ற பட்டியலில் பத்தோடு பதினொன்றாகப் போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த ஆண்டு எந்த அணியை எங்கே ஜெயிக்க வைத்தார், யாரையெல்லாம் பழக்கினார் என்று எழுதச் சொல்லுங்கள். தோற்ற ஆண்டுகளும் இருக்கட்டும்.

கடைசியாக, அவர் இன்னும் இருக்கிறார் என்றால் போய்ப் பாருங்கள். எண்பதைத் தாண்டியிருப்பார், காது கொஞ்சம் மந்தமாக இருக்கும். உரக்கப் பேசுங்கள். மெக்லெண்டன் 1999 அக்டோபரில் போய்விட்டார். அவருக்கு உரிய பட்டம் 2016-ல் வந்தது. நம் வாத்தியார்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.